சுயேச்சை இயக்குநரும் வளராத மீனும்

தெருமுனை முடிதிருத்தும் கடைக்காரர் ஆறு வருடமாக அவரை சினிமா டைரக்டர் என்றே நம்பிக்கொண்டிருந்தார். விசிட்டிங் கார்டில் 'சுயேச்சை இயக்குநர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மனிதர் வேறென்ன நினைப்பார்? "அடுத்த படம் எப்போ சார்?" என்று கேட்டபடியே துணியைப் போர்த்துவார். "பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு" என்று இவரும் கண்ணை மூடிக்கொள்வார். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் துளியும் கிடையாது. படம் காட்டுவதுதானே நம்ம வேலை என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்தக் கதையில் அவரைப் பற்றி வருகிற நக்கல் முழுக்க அவர் வாயிலிருந்தே வந்தது. நாம் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற முதல் மாதமே அவருக்கு ஒன்று புரிந்துபோனது. வீட்டில் யாருக்கும் அவரால் உபயோகம் இல்லை, எல்லோருக்கும் இடைஞ்சல் மட்டும் இருந்தது. மனைவி கூட்டுகிற இடத்திலெல்லாம் அவருடைய கால் இருந்தது. "காலைத் தூக்குங்க" என்பதைத் தவிர அவருக்கு உத்தரவு போட ஆளில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த, தடியன் என்று இவர் கூப்பிடுகிற நண்பன் போன் பண்ணினான். தடியன் இப்போது ஒரு பெரிய சாயத் தொழிற்சாலைக்குச் சேர்மன்.

"போர்டுல ஒரு இன்டிபெண்டன்ட் டைரக்டர் வேணும்டா. நம்பிக்கையான ஆளா இருக்கணும். நீ வந்துடு."

எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார வேண்டியவனை, நம்பிக்கையான ஆளாகப் பார்த்துத் தேடுகிறானே, என்ன அர்த்தம் என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஷூ எங்கே, பாலிஷ் டப்பா எங்கே என்று கட்டிலுக்கடியில் குனிந்துவிட்டார்.

சுயேச்சை இயக்குநர் என்ற அந்தப் பதவிக்கு என்ன வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியை நடத்துவது முதலாளியும் அவர் ஆட்களும். உள்ளே இருப்பது ஊராருடைய பணம். அந்த ஊராருக்காக வெளியாள் ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, 'இது ஏன்? அது எப்படி? நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது?' என்று கேட்க வேண்டும். அதற்காக அவரைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். சேர்மனுக்கு மாமனா, மச்சானா, சம்பந்தியா? கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் உண்டா? எதுவும் இல்லை. ஒரே சட்டையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனார்களா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஆகவே தேர்வாகிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். வீட்டு வாசலுக்குக் கார் வரும். குளிரூட்டிய அறை, நீள மேஜை, கிண்ணம் நிறைய முந்திரி. கூட்டத்துக்குள் தடியனை இவர் 'சேர்மன் சார்' என்பார். தடியனும் இவரை 'சார்' போட்டுத்தான் கூப்பிடுவான். இரண்டு மணி நேரம் 'டா' போடாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என்னுடைய மொத்த சுயேச்சை என்பார் பிற்பாடு.

ஆனால் கேள்வி கேட்க வேண்டுமே? அதற்கும் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. கம்பெனி செகரட்டரி கெட்டிக்காரப் பெண். கூட்டத்துக்கு முந்தின நாள் அவளிடமிருந்து இவருடைய போனுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். கீழேயே பதிலும் இருக்கும். பதில் எதற்கு என்றால், எந்த இடத்தில் திருப்தியாகத் தலையாட்ட வேண்டும் என்று இவருக்குத் தெரிய வேண்டுமாம். இவர் சும்மா கேட்டுவிட மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். சின்ன சந்தேகம் என்பது அவர் சொந்தமாகச் சேர்த்தது. பண்டிகை நாளிலும் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று ஒரு முறை கேட்டார். ஆட்களுக்குக் கையுறை வாங்குவதில் சிக்கனம் பிடிக்கிறீர்களா என்று ஒரு முறை. பதில் வரும். இவர் தலையாட்டுவார். கேள்வியும் பதிலும் ஆண்டறிக்கையில் அச்சாகும். போகப் போக அந்தக் கேள்விகளைத் தன் மூளையே பெற்றெடுத்தது என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள், "இன்னைக்கு என்ன கேள்வி கேட்டீங்க?" இவர் கண்ணாடியைக் கழற்றுவதிலிருந்து நடித்துக் காட்டுவார்.

மனைவிக்கு அதில் அக்கறை இல்லாமல் இல்லை. அவள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவளுடைய ஓய்வூதியப் பணம், அவளைப் போன்ற எல்லா ஆசிரியர்களுடைய பணமும், ஒரு நிதியத்தில் இருந்தது. அந்த நிதியம் கண்ட இடத்தில் பணத்தைப் போடாது. தண்ணீரைக் கெடுக்காத, ஆட்களை வதைக்காத கம்பெனியாகப் பார்த்து, மதிப்பெண் போட்டு, அதன் பிறகுதான் போடும். பொறுப்பான முதலீடு என்று அதற்குப் பெயர். அதிலும் நிர்வாக ஒழுங்குக்கென்று தனி மதிப்பெண். தண்ணீரைச் சுத்தம் செய்கிறேன் என்று எவனும் சொல்லலாம், உள்ளே உட்கார்ந்து அதைச் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தால்தானே மற்றதை நம்ப முடியும்? தடியனுடைய கம்பெனிக்கு அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண், நிதியத்தின் பணமும் அங்கே இருந்தது. "நான் இருக்கேன்ல" என்பார் இவர் மனைவியிடம், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆறு வருடம் முடிந்தது. இன்னொரு தவணை கிடைக்குமா என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கவலை. கிடைக்காவிட்டால் கார் இல்லை, கார்டு இல்லை, ஷூ திரும்பக் கட்டிலுக்கடியில். அந்த வருடக் கூட்டத்தில் மதியத்துக்கு மேல் அவருடைய மறுநியமனம் பேசப்பட இருந்தது. காலையில் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஒப்புதல். ஆசிரியர் நிதியத்திலிருந்து ஒரு பெண் முதல் தடவையாக நேரில் வந்து உட்காரப் போகிறாள். தடியன் புதுப் பிரிவு கட்ட அந்த நிதியத்தின் பணத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தான். "இன்னைக்கு நல்லா பண்ணிடு, அடுத்த தவணை உனக்குத்தான்" என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தான்.

எல்லாம் சரி. கேள்விதான் வரவில்லை.

முந்தின நாள் முழுக்க அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. காலையில் காரில் ஏறியும் பார்த்தார். தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. செகரட்டரி நிறைமாத கர்ப்பிணி. சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். குறிப்பு எடுக்கக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. தடியனிடம் கேட்கலாம் என்றால் அவன் நிதியத்துப் பெண்ணை விட்டு அங்குலம் நகரவில்லை.

அறிக்கைக்கு ஒப்புதல் தருவதற்கு முன் வழக்கம்போல எல்லோரும் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கப் போனார்கள். சாயக் கழிவுநீர் பல தொட்டிகளில் சுத்தமாகி, கடைசியில் ஒரு கண்ணாடிப் பக்கத் தொட்டிக்கு வரும். அதில் ஆரஞ்சு நிற மீன்கள் நீந்தும். மீனே உயிரோடு இருக்கிறது என்றால் தண்ணீர் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்பது ஏற்பாடு. வருடாவருடம் அவர்தான் தீனி போடுவார். அவர் குனிந்து தீனி போடுகிற படம் ஆண்டறிக்கையில் வரும். அந்த மீன் கூட்டத்தில் பெரிய மீன் ஒன்று எப்போதும் நேராக அவர் கைக்கே வரும். "அதுக்கு என்னைத் தெரியும்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார், ஒரு தடவை இல்லை, வருடம் தவறாமல்.

அன்றைக்கும் வந்தது. 'பாவம், நீயும் என்னை மாதிரிதான். ஆறு வருஷமா ஒரே தொட்டி, ஒரே தீனி' என்று நினைத்தார். நிமிரும்போது பேன்ட் இடுப்பைப் பிடித்தது. ஆறு வருடத்தில் இரண்டு தடவை தையல் பிரித்துவிட்ட பேன்ட். எனக்கு இவ்வளவு இடுப்பு வளர்ந்திருக்கிறது, இவன் மட்டும் அப்படியே இருக்கிறானே என்று ஒரு எண்ணம் வந்துபோனது.

நிதியத்துப் பெண் அருகில் வந்தாள். "சார், உங்க கேள்வி ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். இன்னைக்கு நேர்லயே கேக்கப்போறேன்னு சந்தோஷமா இருக்கு."

பழைய கேள்வி எதையாவது எடுத்துவிடலாம் என்று வைத்திருந்த கடைசி யோசனையும் அதோடு போயிற்று.

கூட்டம் ஆரம்பித்தது. அறிக்கையை வாசித்தார்கள். தண்ணீர் மறுசுழற்சி, சேமிப்பு, பூஜ்ஜியக் கழிவு என்று பட்டுத்துணி போல வழுக்கிக்கொண்டு போனது. முடிந்ததும் தடியன் நாற்காலியில் சாய்ந்து, "நம்ம இன்டிபெண்டன்ட் டைரக்டர் சார் சும்மா விடமாட்டாரே" என்று பெருமையாகச் சிரித்தான்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இன்னொரு பக்கமும் துடைத்தார். துடைக்க இனி கண்ணாடியில் இடமில்லை.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்றார். சொந்தச் சரக்கு அத்தோடு தீர்ந்தது. மண்டைக்குள் எவ்வளவு துழாவியும் ஆரஞ்சாக ஒன்று நீந்துவதைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை. "அந்த மீனெல்லாம்... ஆறு வருஷமா அதே சைஸ்லயே இருக்கே. ஏன் வளரவே இல்ல?"

தடியன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். "அது சின்ன ஜாதி மீன் சார். அவ்வளவுதான் வளரும்" என்றான் தடியன்.

அதே நேரத்தில் கம்பெனியின் நிதிப் பொறுப்பாளர், "தீனி அளவாதான் போடுவோம் சார், அதனாலதான்" என்றார்.

உற்பத்தித் தலைவர் சும்மா இருந்திருக்கலாம். "குட்டி போட்டுப் பெருகிடும் சார், நீங்க பாத்தது குட்டிங்க" என்றார் அவரும் தன் பங்குக்கு.

முன்கூட்டிப் பதில் எழுதிவைக்காத முதல் கேள்வி அது. ஆளுக்கொன்று கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்கள்.

"இதுல எது சரி?" என்று கேட்டாள் நிதியத்துப் பெண்.

"சாப்பிட்டுட்டு வந்து பேசுவோம்" என்று எழுந்தான் தடியன்.

சாப்பாட்டுக்கு முன்னால் தடியன் இவரைத் தன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த 'டா'வெல்லாம் கொட்டியது.

"டேய், உனக்குப் புத்தி கித்தி இருக்காடா? எங்கருந்துடா புடிச்ச அந்தக் கேள்விய?"

"கேள்வி வரலடா. நான் என்ன பண்ணட்டும்? வாயில வந்தத கேட்டேன்."

"வாயில வந்தா முழுங்கணும். ஆறு வருஷமா முழுங்கலியா?" தடியன் தண்ணீர் குடித்தான். "செத்துடும்டா. போதுமா? நீங்க வர்ற அன்னைக்கு நல்ல தண்ணி விடுவோம். மத்த நாள் அந்த மிஷின முழுசா ஓட்டினா கரன்ட்டு பில்லு யார் கட்டறது? ஒவ்வொரு வருஷமும் வர்றதுக்கு முன்னாடி கடையில புது மீனா மொத்தமா வாங்கிப் போடறோம். ஊர்ல எவன்தான் செய்யல?"

"மத்த நாள் தண்ணி எங்க போகுது?"

"பின்னாடி கால்வாய்க்கு. எங்க போகும்?"

கால்வாயின் இரண்டு கரையிலும் காய்கறித் தோட்டங்கள். கூட்டம் முடிந்து போகும்போது அங்கே காரை நிறுத்தி, புதுசா இருக்கே என்று அவர் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போவதுண்டு. அது ஞாபகம் வந்தது. ஆனால், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அந்த நிமிடத்தில் அவருக்கு வெண்டைக்காயும் பெரிதாகப் படவில்லை, கால்வாயும் பெரிதாகப் படவில்லை. மறுநியமனம்தான் பெரிதாக இருந்தது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உள்ள போனதும் நான் எடுத்துக் குடுக்கறேன். ஜோக்குன்னு சொல்லிடு. எல்லாரும் சிரிச்சிட்டு கையெழுத்துப் போடுவோம். அடுத்தது உன் விஷயம்தான். இன்னும் அஞ்சு வருஷம், காரு, எல்லாம்."

"சரிடா" என்றார். உடனே சொன்னார். யோசித்துச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாதபடி உடனே சொன்னார். கதவருகே போனவர் எதற்கோ திரும்பினார். "போன வருஷம் என் கைக்கு வந்துச்சே, அந்தப் பெரிய மீனு?"

"எந்த மீனு?"

"எப்பவும் என்கிட்டயே வருமேடா. என்னைத் தெரியும் அதுக்கு."

தடியன் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கடையிலருந்து வர்ற மீனுடா அது. பட்டினி போட்டுத்தான் கொண்டாருவான். யார் கைய நீட்டினாலும் வரும்."

இவரும் சேர்ந்து சிரித்தார். அசடு வழியச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

மதியம் கூட்டம் கூடியதும் தடியன் தொண்டையைக் கனைத்தான். "காலையில சார் நம்மள எல்லாம் கொஞ்சம் சிரிக்க வச்சார். ஜோக்குக்குத்தானே கேட்டீங்க சார்?"

அவர் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இதில் மனசாட்சி, தர்மம் என்றெல்லாம் யாரும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தடியன் மட்டும் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் இருந்திருந்தால், சத்தியமாக ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கால்வாய்க்காக வராத ரோஷம் மீனுக்காக வந்தது. ஆறு வருடம், ஆறு வேறு வேறு மீன், அத்தனையிடமும் போய் என்னைத் தெரிகிறதா என்று பல்லைக் காட்டியிருக்கிறோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"இல்ல" என்றார்.

தடியனுடைய புருவம் ஏறியது.

"ஜோக் இல்ல. பிளான்ட் மேனேஜரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

பிளான்ட் மேனேஜர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். "தம்பி, போன வருஷம் நான் தீனி போட்ட மீனெல்லாம் எங்கப்பா?"

மேனேஜர் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் முந்திரிக் கிண்ணத்தைப் பார்த்தான். யாரும் கண்ணைக் காட்டவில்லை. எப்படியும் ஒரு பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"அது இப்ப இல்ல சார். நீங்க போனப்புறம் அந்தத் தண்ணியில ரொம்ப நாள் தாங்காது சார்."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். நிதியத்துப் பெண் பேனாவை மூடி வைத்தாள். இந்த அறிக்கையில் யாரும் இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், தண்ணீரை வெளியாள் வைத்துச் சோதிக்கிற வரைக்கும் நிதியம் மேற்கொண்டு ஒரு பைசா போடாது என்று நிதானமாகச் சொன்னாள். அடுத்த விஷயம் மறுநியமனம். "அதைத் தள்ளி வைக்கலாம்" என்றான் தடியன், இவர் பக்கம் திரும்பாமலே. அவன் குரலில் 'சார்' இல்லை. 'டா'வும் இல்லை.

கீழே வந்தால் கார் இல்லை. சேர்மன் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார் என்றார் வாசல் காவலாளி, எங்கோ பார்த்துக்கொண்டு. நிதியத்துப் பெண் வாடகைக் காருக்காக நின்றுகொண்டிருந்தாள். இவர் மெதுவாக அவள் பக்கம் போய் நின்றார். பாராட்டுவாள் என்று ஒரு நப்பாசை. தடியன் போனால் போகிறான், பங்குதாரர் ஓட்டில் நிதியத்தின் கைதானே ஓங்கியிருக்கிறது, இவள் மனது வைத்தால் இன்னொரு தவணை உட்கார்ந்துவிடலாம் என்று மனது அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. புத்தி வந்து முழுதாக ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

"தைரியமா கேட்டீங்க சார்" என்றாள் அவள்.

"கேக்க வேண்டியதுதானேம்மா நம்ம கடமை."

"எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு உங்க பழைய கேள்விகளைத்தான் குடுப்போம். ஒரு இன்டிபெண்டன்ட் டைரக்டர் எப்படி இருக்கணும்னு பாருங்கன்னு. இந்தக் கம்பெனில பணம் போடலாமா வேண்டாமான்னு ரெண்டு பக்கமும் பேச்சு வந்தப்போ, உங்களை நம்பித்தான் சார் போட்டோம்."

"அதெல்லாம் நான் எழுதினது இல்லம்மா. எழுதிக் குடுப்பாங்க. பதிலோட."

"இன்னைக்குப் புரிஞ்சுது சார்."

வெட்கத்தை விட்டுக் கேட்டார், "ஒருவேளை என் பேரு ஓட்டுக்கு வந்தா நீங்க எந்தப் பக்கம்?"

"எதிர்த்துத்தான் சார். அஞ்சு அறிக்கையில உங்க கையெழுத்து இருக்கு."

"சரிதான்" என்றார். தடியனும் நிதியமும் ஒரே கருத்துக்கு வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"இந்தக் கேள்வியை முதல் வருஷமே கேட்டிருக்கலாமே சார்" என்றாள், குறையாக இல்லை, ஆற்றாமையாக.

"முதல் வருஷம் மீனுக்கு வளர நேரமே குடுக்கலியேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். கார் வந்தது, ஏறிப் போனாள். இவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். தோட்டக்காரர்கள் வாளியால் கால்வாய்த் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவரை அடையாளம் கண்ட ஒருவர், "வெண்டைக்காய் இருக்கு சார், பிஞ்சா இருக்கு" என்று கூப்பிட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டாள், "இன்னைக்கு என்ன கேள்வி?"

நடித்துக் காட்டவில்லை. உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஆஸ்பத்திரி, கண்ணாடி துடைத்தது, மூன்று பேர் மூன்று பதில் சொன்னது. அவள் ரசித்துக் கேட்டாள். கடையில் வாங்கிய மீன் என்று சொன்னதும், "உங்களைத் தெரியும்னு சொன்னீங்களே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு, கேள்வியெல்லாம் செகரட்டரி எழுதியது என்பதையும் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது.

"எல்லாமேவா?"

"சின்ன சந்தேகம்ங்கறது மட்டும் என்னோடது."

"பணம் போச்சா?"

"போகாது. எடுத்துடுவாங்க. கொஞ்சம் அடிபடும்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என் கூட வேலை பாத்த டீச்சருங்க ஒவ்வொருத்தியா கேட்டப்போ என்ன சொன்னேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் உள்ள உக்காந்து பாத்துக்கிறாரு, கவலைப்படாதீங்கடின்னு சொன்னேன்."

அதற்கு அவரிடம் நக்கலாகச் சொல்ல எதுவும் இல்லை. வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து சிரித்துச் சிரித்து மூடி வைத்திருந்த வெட்கம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது. "தப்புதான்" என்றார். அவள் உள்ளே போனாள்.

போன் அடித்தது. செகரட்டரி. களைத்துப்போன குரல்.

"சார், மன்னிச்சுக்கோங்க. கேள்வி அனுப்பறதுக்குள்ள வலி வந்துடுச்சு."

"அது கிடக்கட்டும். குழந்தை எப்படிம்மா இருக்கு?"

"பொண்ணு சார். நல்லா இருக்கா. நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க? பழசு எதையாவது கேட்டீங்களா?"

"நானே ஒண்ணு கேட்டேன்."

"நீங்களேவா?"

அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்துக்கு அவர் கோபப்படவில்லை. கோபப்பட வழியும் இல்லை. "மீன் ஏன் வளரலன்னு கேட்டேன்மா."

அந்தப் பக்கம் குழந்தை முனகியது.

"சார்" என்றாள். "வருஷா வருஷம் அந்தக் கேள்வியைத்தான் முதல்ல எழுதுவேன். அப்புறம் அழிச்சுடுவேன். கேள்வி அனுப்பினா கூடவே பதிலும் அனுப்பணுமே சார். அதுக்கு எனக்குப் பதில் எழுத வரல."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்படி அழிச்ச கேள்வி இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு சார்."

"எனக்குப் பதிலா ஒருத்தர் வருவார்மா. அதையெல்லாம் அவருக்கு அனுப்பிடு. பதில் மட்டும் அனுப்பாத."

"சரி சார்" என்றாள். பயந்துகொண்டே சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மனைவி விளக்குமாறோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கண் சிவந்திருந்தது.

"காலைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்.